விசிறி சுற்றுகிறது, திரை எழவில்லை

பித்தானை அழுத்தியாயிற்று. விசிறி சுற்றுகிறது. எங்கோ ஒரு சின்ன விளக்கும் எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. தரையில் விரித்த பாயைச் சுற்றி அட்டைப்பெட்டிகள், பிளாஸ்டிக் பைகள், எங்கே போட வேண்டும் என்று தெரியாமல் மிஞ்சிய இரண்டு ஸ்க்ரூ. பக்கத்தில் நிற்கும் அப்பா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் கஷ்டம்.

சொந்தக் கையால் முதல் கம்ப்யூட்டரைக் கோத்தவர்களில் பலர் இந்த நிமிஷத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு அருகில் குடியிருப்பவருக்கு இது ஒரு சாயங்காலத் தொல்லை, அவ்வளவே. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் எல்லையை ஒட்டி வாழும் தமிழர்களுக்கு விஷயம் வேறு. கொழிஞ்சாம்பாறைக்குக் கோவை, மறையூருக்கு உடுமலை, பூப்பாறைக்குப் போடி, குமுளிக்குக் கம்பம் என்று அவர்களில் பலருக்குப் பக்கத்து ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கெட்டுவிட்டதாகச் சந்தேகப்படும் மதர்போர்டைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினால் ஒரு நாள் வேலை போகும், பஸ் காசு போகும்.

பணத்தின் எடையும் அங்கே வேறு. 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தபோது தேயிலைத் தொழிலாளியின் தினக்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு அது 301 ஆயிற்று. 6,000 ரூபாய் மதர்போர்டு என்றால் அந்தக் கூலியில் 20 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். கூலி பிறகு உயர்ந்திருக்கிறது என்றாலும், லயத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்னமும் இரண்டாவது முறை வாங்கக்கூடிய பொருள் அல்ல.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது ஆறுதலான செய்தி. திரை எழாத புதுக் கம்ப்யூட்டரில் மதர்போர்டு செத்திருப்பது அபூர்வம். குற்றம் பெரும்பாலும் விட்டுப்போன ஒரு வயரிலோ சரியாக உட்காராத ஒரு துண்டிலோ இருக்கும்.

வயரிலிருந்தே தொடங்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் 24 முனைப் பெரிய இணைப்பை யாரும் மறப்பதில்லை. மறப்பது பிராசஸருக்கென்று மேல் மூலையில் தனியாகச் செருக வேண்டிய 4 அல்லது 8 முனை இணைப்பை. அது இல்லாவிட்டாலும் பல போர்டுகளில் விசிறி சுற்றும், விளக்கு எரியும். மூளைக்கு மட்டும் மின்சாரம் போகாது. இந்தத் தனி இணைப்பு பென்டியம் 4 வந்த 2000-ஆம் ஆண்டு வாக்கில் புகுந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கோத்த அனுபவமுள்ள சித்தப்பாவை உதவிக்குக் கூப்பிட்டால் அவரும் இதைத் தவறவிடுவார்.

அடுத்தது மெமரி. அழுத்தினால் 'டக்' என்று தாழ் விழ வேண்டும். புதிதாகக் கோப்பவர் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதி அழுத்தத்தில் விட்டுவிடுகிறார். தைரியம் இல்லாததால் வரும் கோளாறுகளில் இது முதலிடம். ஒரே துண்டுதான் இருக்கிறது, போர்டிலோ நான்கு வரிசை இருக்கிறது என்றால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பிராசஸரிலிருந்து இரண்டாவது வரிசையில் போடச் சொல்கிறார்கள். டி.டி.ஆர்.5 மெமரி என்றால் இன்னொரு சங்கதி உண்டு. முதல் முறை உயிர் பெறும்போது போர்டு அந்த மெமரியோடு பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்புத்தான். பதறிப்போய் அணைத்து அணைத்துப் போடுகிறவர் அந்தப் பழக்கத்தை ஒவ்வொரு முறையும் பாதியில் கலைக்கிறார். பத்து நிமிஷம் தேநீர் குடிக்கப் போய்விட்டு வருவது உத்தமம். மூணாறில் அதற்குக் குறைவில்லை.

மானிட்டர் வயரையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் வயர் அதில்தான் போக வேண்டும், போர்டில் அல்ல. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று அதை வாங்கிவிட்டுக் கார்டும் இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

விசிறிகூடச் சுற்றவில்லை, அல்லது ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிடுகிறது என்றால் சந்தேகம் கேபினெட்டின் மீது போக வேண்டும். எந்தக் கம்பெனி போர்டும் எந்தக் கம்பெனி கேபினெட்டிலும் பொருந்துவதற்குக் காரணம் 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுத் திட்டம். பல அளவு போர்டுகளுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருப்பதால் கேபினெட்டில் துளைகள் அதிகம். போர்டைத் தாங்கும் சிறு பித்தளைக் கால்களில் ஒன்றை, போர்டில் துளையே இல்லாத இடத்தில் முடுக்கிவிட்டால் அது அடிப்பக்கத்து ஈய முனைகளில் முட்டி ஷார்ட் ஆகும். எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொண்டு நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைப்பது. பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு மெமரி, இரண்டு மின் இணைப்புகள். வேறெதுவும் வேண்டாம். பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கார்டையும் செருகலாம். கேபினெட் பித்தானுக்கான இரண்டு முனைகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும். கிளம்பினால் குற்றவாளி கேபினெட். கிளம்பாவிட்டால் மெமரியையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்க்கலாம். பீப் என்று கத்தும் குட்டி ஸ்பீக்கர் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். மெமரி இல்லாத போர்டு அதில் கத்தினால், அல்லது போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்று எழுதிய விளக்கு எரிந்து நின்றால், போர்டும் பிராசஸரும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கத்தலைப் போல இனிமையான சத்தம் அன்றைக்கு அந்த வீட்டில் வேறு இருக்காது.

இவையெல்லாம் போர்டோடு வரும் கையேட்டில் இருக்கின்றன. பல மொழிகளில் இருக்கின்றன. தமிழைத் தேட வேண்டாம்.

கேரள அரசு இந்த விஷயத்தில் சோம்பியிருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்கும் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்களின் பாடங்களில் ஹார்டுவேரும் ஒன்று. ஐ.டி. பாடநூல் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வருகிறது. சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் கோத்து முடித்த பெட்டியாக வந்து இறங்குகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து கோக்கும்போது கை நடுங்கும் அந்த இடத்துக்குப் பாடநூல் வருவதில்லை. கலைச்சொல் அகராதிகள் மதர்போர்டைத் 'தாய்ப்பலகை' ஆக்கின. ரிச்சி தெருவிலும் சரி, பாலக்காட்டுக் கடையிலும் சரி, யாரும் அப்படிக் கேட்டு வாங்கியதில்லை. தமிழனுக்கும் மலையாளிக்கும் அது மதர்போர்டுதான். பெயர்ச்சொற்களைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் வினைச்சொற்களை மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. 'மெமரி உட்காரலை', 'பின் மடங்கியிருக்கு', 'போர்டு பாடியில முட்டுது' என்று எந்தக் கடைப் பையனும் சொல்கிறான். கேட்ட மாத்திரத்தில் கை புரிந்துகொள்கிறது. இந்தத் தமிழில் நாலு பக்கம் அச்சடித்து ஒவ்வொரு போர்டோடும் கொடுத்தால் எத்தனையோ பஸ் பயணங்கள் மிச்சமாகும்.

அந்த நாலு பக்கத்தில் எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இல்லாத உள்ளூர் விஷயங்களும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வீசும் காற்று வறண்டது. வறண்ட காற்றில் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். நைலான் சட்டையோடு போர்டைத் தொடுவதற்கு முன் எர்த் உள்ள உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட வேண்டும். மலையில் பகை ஈரம். இரவு பஸ்ஸில் ஏறிவந்த பெட்டி ஜில்லென்றிருக்கும். அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே பிரித்தால் போர்டின் மேல் பனித்துளி படியும். ஒரு மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும். கீழேயே கோத்து மலைக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் என்றால், கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கியதில் மெமரியும் கார்டும் இடம் பெயர்ந்திருக்கலாம். கழற்றித் திரும்பச் செருகாமல் பழுதென்று முடிவு கட்டக்கூடாது.

பழைய வீடுகளில் எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் போர்டு கோளாறு என்று நினைப்பார்கள். அது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் மின்சாரம். போக வழி இல்லாததால் தொட்டவர் உடம்பு வழியாகப் போகிறது. இதற்கு வேண்டியது புது போர்டு அல்ல, ஒரு எலக்ட்ரீஷியன். சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும் ஊர்கள் இவை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும்.

எல்லாம் செய்தும் திரை எழவில்லையா? அப்போது மலை இறங்கத்தான் வேண்டும். இன்டெல் 2004-இல் முனைகளைப் பிராசஸரிலிருந்து போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றியது. ஏ.எம்.டி.யும் 2022-இல் சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்களில் அதே வழிக்கு வந்தது. தலைமுடி போன்ற அந்த முனைகளில் ஒன்று மடங்கியிருந்தாலும் வாரன்ட்டி பொதுவாகக் கிடையாது. கடைக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே வாங்கும்போதே பெட்டியைக் கடையில் பிரித்து, சாக்கெட்டை அவர் கண் முன்னாலேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாக்கெட்டின் மேலிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. மூடி இல்லாமல் வரும் போர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைகள் தயங்கும். பில்லையும் மூடியையும் ஒரே கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம்.