விற்பனை வேறு, இலாபம் வேறு



பெங்களூரில் வேலைக்கு வந்து குடியேறிய நம் வாலிபர் பலர் இப்பொழுது கைபேசியிலேயே பங்குகளை வாங்குகிறார்கள். "பாஸ்டர், பங்குச்சந்தை சூதாட்டமா?" என்ற கேள்வி ஆராதனை முடிந்தபின் அடிக்கடி வருகிறது. ஒரு நிறுவனத்தின் வரவுசெலவை வாசித்து அறிந்து, அதில் பங்காளியாவது வியாபாரம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பெயரை நம்பி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு வைத்திருந்த பணத்தைப் போடுவதைச் சூது என்றே சொல்லுவேன். "ஜெபித்துத்தான் வாங்கினேன்" என்பதனால் அது வேறாகிவிடாது. கோபுரம் கட்டுமுன் கணக்குப் பார்க்கும் மனிதனைக் குறித்து ஆண்டவர் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் பேசினார். அந்தக் கணக்கை இம்மாதம் சற்றே கற்றுக்கொள்வோம்.

அல்சூரில் ஓர் இட்லிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் விற்பனை. அரிசி, உளுந்து, காய்கறி, எண்ணெய், சிலிண்டருக்கு 2,500 போகிறது. மீந்த 2,500 மொத்த இலாபம். வாடகை, ஆட்களின் கூலி, மின்கட்டணம், கிரைண்டரின் தேய்மானம் ஆகியவற்றுக்கு 1,600 கழித்தால் 900 ரூபாய். இது செயல்பாட்டு இலாபம். விற்பனையில் 18 சதவீதம். கடைக்காரர் 7 லட்ச ரூபாயை மாதம் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார். நாள் வட்டி 700. கடைசியில் கையில் நிற்பது 200. இதுவே நிகர இலாபம், 4 சதவீதம். வரி கட்டும் நிறுவனமானால் வரியையும் கழித்த பிறகே இந்த எண் வரும்.

கடைக்காரரின் சொந்தப் பணம் 3 லட்சம் என்றால், வருடத்திற்கு ஏறக்குறைய 72,000 ரூபாய் இலாபம், அதாவது 24 சதவீதம் வருகிறது. சொந்த முதலீட்டின் மீதான வருவாய் என்பது இதுதான்; பங்கு விற்பவர்கள் பெரிதாய்க் காட்டும் எண்ணும் இதுதான். அதன் அடியில் 7 லட்சம் கடன் இருப்பதைக் காட்டமாட்டார்கள். பத்து நாள் மழை பெய்து கூட்டம் குறைந்தாலும் வட்டிக்காரர் வருவார் அல்லவா?

நம் நகரத்திலேயே இதைப் பெரிய அளவில் கண்டோம். பெங்களூரு யு.பி. குழுமத்தின் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் 2005 மே மாதம் பறக்கத் தொடங்கியது. புது விமானங்கள், உபசரிப்பு, விளம்பரம் எல்லாம் கண்ணைப் பறித்தன. 2010-11-இல் அதன் வருமானம் சுமார் 6,200 கோடி ரூபாய்; நிகர நஷ்டம் 1,027 கோடி. அடுத்த ஆண்டு நஷ்டம் 2,328 கோடி. எரிபொருளும் வட்டியும் டிக்கெட் பணத்தை விழுங்கின. தொடங்கிய நாள்முதல் ஓர் ஆண்டிலும் அது நிகர இலாபம் காட்டியதில்லை. இந்த எண்கள் மறைவாயிருக்கவில்லை, ஆண்டறிக்கையிலேயே அச்சாகியிருந்தன. ஆனாலும் 2011-இல் வங்கிகள் தங்கள் கடனில் ஒரு பகுதிக்கு ஈடாக, சந்தை விலையைவிட அறுபது சதவீதத்துக்கும் அதிகமாக, பங்கொன்றுக்கு 64.48 ரூபாய் மதிப்பிட்டு அதன் பங்குகளைப் பெற்றுக்கொண்டன. 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. பெரிய வங்கி வாங்கியிருக்கிறது என்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதிருங்கள்.

எத்தனை சதவீதம் நல்லது என்று கேட்பீர்கள். தொழிலுக்குத் தொழில் வேறுபடும். 2023-24-இல் இன்ஃபோசிஸ் 1,53,670 கோடி வருமானத்தில் 26,233 கோடி நிகர இலாபம் கண்டது, ஏறக்குறைய 17 சதவீதம். அதே ஆண்டில் டிமார்ட் கடைகளை நடத்தும் நிறுவனத்திற்கு 5 சதவீதமே. மளிகை வியாபாரத்திற்கு அது நல்ல எண். ஆகவே மென்பொருளை மென்பொருளோடும், கடையைக் கடையோடும் ஒப்பிடுங்கள்.

எண்களும் பொய் சொல்லக்கூடும். ஐதராபாத்தின் சத்யம் நிறுவனம் 2008 செப்டம்பரோடு முடிந்த காலாண்டில் 2,700 கோடி விற்பனைக்கு 649 கோடி செயல்பாட்டு இலாபம், 24 சதவீதம், என்று வெளியிட்டது. உண்மையில் விற்பனை 2,112 கோடி, இலாபம் 61 கோடி, வெறும் 3 சதவீதம் என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ஆம் தேதிக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். கணக்கறிந்த தணிக்கையாளரே கண்டுகொள்ளாததை நாம் எப்படிக் காண்போம்? ஆகையால் முழுச் சேமிப்பையும் ஒரே நிறுவனத்தில் வைக்கலாகாது. இதற்குப் பிரசங்கி 11-ஆம் அதிகாரத்தை ஆதாரம் காட்டுவோர் உண்டு; அப்பகுதி தர்மம் செய்வதைக் குறித்தது என்பதே என் எண்ணம். ஆனாலும் புத்தி நல்ல புத்தியே.

ஆண்டறிக்கைகள் நிறுவனத்தின் இணையதளத்திலும் பங்குச்சந்தைகளின் இணையதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளின் விற்பனை, செயல்பாட்டு இலாபம், வட்டி, நிகர இலாபம், கடன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். விற்பனை ஏறி நிகர இலாபம் இறங்கினால் காரணம் விளங்கும்வரை வாங்கவேண்டாம். ஊரில் நிலத்தை விற்றோ, நகையை அடகு வைத்தோ பங்கு வாங்க நினைப்பவர்கள், அடுத்த இதழில் கடனைக் குறித்து எழுதப்போவதை வாசிக்கும்வரையாவது பொறுத்திருங்கள்.