மேப் சொன்னா சரியா? மலைப்பாதையில் சிக்கும் வெளியூர் டிரைவர்கள்!

ஊட்டி:
"வலது பக்கம் திரும்பவும்" என்று செல்போன் சொன்னதும், முன்னால் ரோடு எப்படி இருக்கிறது என்று கூட பார்க்காமல் ஸ்டியரிங்கை வளைப்பது பலருக்கும் பழக்கமாகிவிட்டது.

2024 ஜனவரியில் கூடலூரில் இதுதான் நடந்தது. சுற்றுலா முடித்து கர்நாடகா திரும்பிய நண்பர்கள், மேப் காட்டிய 'சீக்கிர வழி'யில் போலீஸ் குடியிருப்பு பக்கம் காரை விட்டனர். கார் போய் நின்றது செங்குத்தான படிக்கட்டில்! அக்கம்பக்கத்தினரும் போலீசாரும் சேர்ந்து காரை மீட்டனர்.

உத்தரபிரதேச மாநிலம் பரேலி அருகே 2024 நவம்பரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேப் பார்த்து சென்ற கார், வெள்ளத்தில் ஏற்கனவே ஒரு பகுதி இடிந்துபோன பாலத்தில் ஏறி ஆற்றில் விழுந்தது. 3 பேர் பலி. பொதுப்பணித்துறை என்ஜினீயர்கள் மீதும் வழக்கு பாய்ந்தது. ஆக, பழியை டிரைவர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

தெரியாத ஊர், இருட்டு, பின்னால் ஹாரன் சத்தம். அந்த நேரத்தில் ரோட்டோர போர்டை விட காதில் கேட்கும் குரலைத்தான் மனசு நம்புகிறது. 40 கி.மீ. வேகத்தில் போகும்போது 2 வினாடி போனை பார்த்தால், வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். கொண்டை ஊசி வளைவில் அது போதும், கதை முடிய.

ஊட்டியில் இருந்து மசினகுடி செல்லும் கல்லட்டி பாதையில் இப்படி 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் வழியாக சுற்றிப்போனால் இரு மடங்குக்கும் மேல் தூரம். மேப்புக்கு தூரமும் நேரமும்தான் கணக்கு. வண்டி ஓட்டுபவர் சமவெளிக்காரரா, இறக்கத்தில் 2-வது கியரில் இறங்கத் தெரிந்தவரா என்பது அதற்கு எப்படி தெரியும்? பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காது.

2018-ல் இதே பாதையில் சென்னை கார் பள்ளத்தில் விழுந்து, 2 நாள் கழித்தே தெரிய வந்தது. 5 பேர் பலியாயினர். அதற்கு மேப் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, பாதை அப்படி. அதன்பிறகுதான் வெளியூர் வண்டிகள் இறங்க கட்டுப்பாடு வந்தது.

வழி பார்க்க மட்டும் போனை பயன்படுத்தலாம், கவனம் சிதறக்கூடாது என்று 2020-ல் மோட்டார் வாகன விதி திருத்தப்பட்டது. கவனம் சிதறியதா என்பதை எந்த செக்போஸ்ட்டில் பார்ப்பார்களாம்? பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் போனை கொடுத்துவிட்டு, திருப்பத்துக்கு முன் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் 5 நிமிஷம்தான் ஆகும்.