டம்ளரை வரையத் தெரியுமா?

ஒரு சின்னப் பரீட்சை. எதிரே மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வையுங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளரைப் பார்த்து வரையுங்கள்.

'ஐயையோ, எனக்கு டிராயிங் எல்லாம் சுட்டுப் போட்டாலும் வராதுங்க' என்று பலர் அப்போதே பென்சிலைக் கீழே வைத்துவிடுவீர்கள். துணிந்து வரைகிறவர்களும் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்வீர்கள். டம்ளரின் வாய்க்கு ஒரு நீள்வட்டம் போட்டுவிட்டு, அடியில் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு இழுத்துவிடுவீர்கள். சற்று மேலிருந்து பார்க்கும்போது அடியும் வளைந்துதான் தெரியும். கண் அதைப் பார்க்கிறது. ஆனால், 'டம்ளர் தட்டையான மேஜை மேல்தானே நிற்கிறது, அப்போ அடியும் தட்டைதான்' என்று மூளை குறுக்கே புகுந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கையும் அதற்குக் கட்டுப்படுகிறது.

ஆக, கோளாறு கையில் இல்லை. பார்ப்பதில் இருக்கிறது. பார்ப்பது பழகினால் வரும். இது தெரியாமல், 'உனக்குக் கை வராது' என்று தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பாட்டு கிளாஸுக்கு அனுப்புகிறோம். முதல் நாளே கீர்த்தனை பாடவில்லை என்று எந்த அம்மாவாவது கோபித்துக்கொள்கிறாரா? சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று மாதக்கணக்கில் போகும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் பொறுத்துக்கொள்கிறோம். பரதநாட்டியத்துக்குத் தட்டடவு. கிரிக்கெட்டுக்கு நெட் பிராக்டிஸ். ஓவியத்துக்கு மட்டும் என்ன? கோடு இழுத்துப் பழகாமல், நீள்வட்டம் போட்டுப் பழகாமல், பெட்டியையும் பந்தையும் வெளிச்சத்தில் வைத்து நிழல் பார்க்காமல், நேராக ரஜினி முகத்துக்குப் போய்விட வேண்டும். மூக்கு கோணினால், 'பாத்தியா, நமக்கு வராது' என்று மூட்டை கட்டிவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? டிராயிங் பீரியட் என்பது கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராத பீரியட். தமிழக அரசு 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை தெருவுக்கு வந்து போராட வேண்டியிருந்தது. அரைநாள் ஆசிரியரை வைத்துக்கொண்டு முழுக்கலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இந்த லட்சணத்தில் ஓவியப் போட்டிகளுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 'மழைநீர் சேமிப்போம்' என்று ஒரு தலைப்பு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். மூன்று பேருக்குப் பரிசு. மற்றவர்களுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். 'கண்ணு, உன் குடிசையோட கூரை ஏன் இப்படிக் கோணலா நிக்குது தெரியுமா?' என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை. தோற்ற குழந்தைக்குக் காரணம் தெரியாது. ஜெயித்த குழந்தைக்கும் தெரியாது.

வின்சென்ட் வான்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியனாவது என்று அவர் முடிவெடுத்தது 1880-ல், 27 வயதில். அதற்குமுன் ஓவிய வியாபாரக் கடை, பள்ளிக்கூடம், புத்தகக்கடை, மதப் பிரசாரம் என்று எதிலும் நிலைக்கவில்லை. முடிவெடுத்தவர் முதலில் செய்தது என்ன? மாணவர்களுக்காக ஷார்ல் பார்க் தயாரித்த பயிற்சித் தாள்களைப் பார்த்து மீண்டும் மீண்டும் வரைந்ததுதான். தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதும்போது கூடவே படங்களை அனுப்பினார். பிரஸ்ஸல்ஸில் அறிமுகமான வான் ராப்பார்ட் என்ற சக ஓவியரோடு ஐந்து வருடம் படங்களைப் பற்றிக் கடிதத்திலேயே விவாதம் நடத்தினார். 1890-ல் இறப்பதற்குள் 800-க்கும் மேற்பட்ட ஓவியங்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோட்டுப் படங்களும். எல்லாம் பத்தே வருடத்தில். 'பிறவி மேதை' என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டால், அந்தப் பயிற்சித் தாள்களை நாம் பார்க்காமல் தப்பித்துக்கொள்ளலாம்.

சக மாணவர் ஏன் முக்கியம்? பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரியும். கணக்கு டேலி ஆகாவிட்டால், எழுதியவனே பத்துத் தடவை கூட்டினாலும் தப்பு கண்ணில் படாது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் டிக் போட்டுக்கொண்டே வந்தால் பத்து நிமிஷத்தில் பிடிபடும். படமும் அப்படித்தான். நீங்கள் வரைந்த முகத்தில் ஒரு கண் ஏறியிருப்பது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரியும்.

ஆனால் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. 'சூப்பர்' என்பதும் உதவாது, 'கேவலம்' என்பதும் உதவாது. 1885-ல் 'உருளைக்கிழங்கு தின்பவர்கள்' படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்து ராப்பார்ட் கிழி கிழியென்று கிழித்தார். அத்தோடு அந்த நட்பே முறிந்தது. 'இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு' என்று சொல்லுங்கள். கோட்டைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்.

'ஒரு வரி சொன்னா கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருதே, இனிமே இதெல்லாம் எதுக்கு சார்?' என்று கேட்பீர்கள். கார் வந்துவிட்டது என்பதற்காகக் குழந்தைக்கு நடை வண்டி வாங்காமல் விட்டோமா? கம்ப்யூட்டர் உங்களுக்குப் படம் தரும். உங்களுக்காக டம்ளரைப் பார்க்காது. எதிரே இருப்பதை உள்ளபடி பார்ப்பது, தெரியும் என்று நினைத்ததைத் தப்பு என்று ஒத்துக்கொள்வது, இரண்டும் டிராயிங் பேப்பருக்கு வெளியேயும் தேவைப்படுகிற குணங்கள்.

எனவே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினம் இருபது நிமிஷம். ரப்பர் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். குடும்பத்திலோ அபார்ட்மென்ட்டிலோ இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு நோட்டையும் நடுவில் வைத்துப் பிரியுங்கள். பரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது. நன்றாக வந்த பக்கத்தை மட்டும் காட்டுவது என்ற பேச்சே கூடாது. உங்கள் குழந்தையின் நோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் கோணல் டம்ளரும் இருக்கட்டும். அடிக்கோடு ஏன் வளையவில்லை என்று அது உங்களைக் கேட்கட்டும்.