கலியாண வீட்டு வாசலில் நிற்கும் மொரிஸ் மைனர்



யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40க்கும் மொரிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் விலை கேட்டு வருகிறவர்களில் என்னைப்போல வெளிநாட்டில் இருப்பவர்கள் பலர். வாங்குகிறோம், தகரவேலை செய்விக்கிறோம், இரண்டு நிறத்தில் பெயின்ற் அடிக்கிறோம். கலியாண வீட்டு வாசலில் நிறுத்திப் படமெடுத்த பிறகு படங்கால் மூடிவிட்டு விமானம் ஏறுகிறோம். இதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய கார் வாங்குகிறவர் அதை ஓட்டுவதற்காகத்தான் வாங்கவேண்டும். மினுக்கத்தில் கொட்டுகிற காசை அதைத் திருத்தத் தெரிந்தவரின் கராஜில் செலவழிக்கவேண்டும். காரை விட அந்தக் கை அருமையானது என்பது என் வாதம்.

இந்தக் கார்கள் எப்படித் தப்பின என்று பாருங்கள். 1990இல் வடக்கில் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் போனபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால் அது தாங்கியது. கணினி பார்த்து எரிபொருள் விடுகிற இன்றைய எஞ்சினிடம் இந்த வித்தை பலிக்காது. ஆனால் பழைய எஞ்சினிலும் எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். அது தெரிந்து ஒயிலை மாற்றி, தலையைக் கழற்றிக் கரி சுரண்டி, கடையில் இல்லாத சாமானை லேத்தில் கடைந்து போட்ட மெக்கானிக்மார் இல்லாவிட்டால் இன்று நாங்கள் பெருமையடிக்க ஒரு கார்கூட மிஞ்சியிராது.

நான் வாழும் இங்கிலாந்து இந்தக் கார்கள் பிறந்த நாடு. ஒஸ்ரின் செய்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் 2005இல் நொடித்துப்போனது. 1948இல் அறிமுகமான மொரிஸ் மைனர், 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. இருந்தும் மைனருக்குப் புதிய தகடும் ரப்பரும் இங்கே இன்றும் தபாலில் வரும். அவை ஓடுவதுதான் காரணம். ஓடுகிற கார் தேயும், தேய்ந்தால் சாமான் கேட்கும், கேட்டால் செய்து விற்க ஒருவர் இருப்பார். இந்தத் தேவையை நம்பி, பாத் நகரத்தில் மைனர்களைத் திருத்திவந்த சார்ள்ஸ் வெயர் என்பவரின் கூட்டுமுயற்சியில் தென்னிலங்கையிலேயே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. தெற்கில் நடந்ததை வடக்கில் ஏன் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குச் சாமான் தேட இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: ஏ55 கேம்பிரிட்ஜின் 1489 சிசி எஞ்சினின் இனம்தான் இந்தியாவின் அம்பாசடரிலும் பல காலம் ஓடியது.

ஓட்டுவதற்கென்று வாங்கினால் பார்க்கும் இடமும் மாறும். பெயின்றைப் பார்க்கவேண்டாம், காருக்குக் கீழே படுத்துப் பாருங்கள். ஆரம்பகால ஏ40களுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, உடல் கறள் பிடித்தாலும் எலும்பு நிற்கும். மைனருக்கு அந்த வசதி இல்லை, உடலே எலும்பு. கதவுக்குக் கீழுள்ள பெட்டித்தகட்டிலும் பின்வில்லைத் தாங்கும் இடத்திலும் ஒரு திருப்புளியால் குத்துங்கள். உப்புக்காற்றில் நின்ற காரென்றால் சிலவேளை உள்ளே போய்விடும். பிறகு முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். மைனரின் முன்சில்லு மரையில் திரும்பும் ஒரு மூட்டில் நிற்கிறது. அதற்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடங்கிக் கார் மூக்குக் குப்புற விழும். கலியாண வீட்டுக்கு மட்டும் போகிற காரில் இந்த மூட்டை ஒருவரும் நினைப்பதில்லை. விற்பவர் பெருமையோடு காட்டுகிற சிங்கள ‘ஸ்ரீ’ இலக்கத்தகட்டுக்காகக் கூட்டிக் கொடுக்காதீர்கள்; 1957–58இல் எங்கள் ஆட்கள் தார் பூசிய எழுத்து அது.

பாதுகாப்பு இல்லையே என்பீர்கள். உண்மை. இடுப்புப்பட்டி இல்லை, காற்றுப்பை இல்லை, நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். ஆகவே ஏ9 வீதியில் இரவு பஸ்களோடு ஓடுவதற்கு இதை வாங்கவேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் குடாநாடு மேடுபள்ளமில்லாத தட்டைநிலம். பட்டணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர்தான். நிதானமாகப் போகிறவருக்கு மைனரின் 948 சிசி எஞ்சின் போதும். போதாதென்று ஜப்பான் எஞ்சினைத் தூக்கிப் போடுகிறவர்கள், அந்தப் பிறேக் எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது என்று ஒருமுறை யோசிக்கட்டும். பிரித்தானியாவில் 40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை தேவையில்லை என்று 2018இல் சலுகை கொடுத்தபோதும், பெரிதாக மாற்றியமைத்த கார்களை அதிலிருந்து விலக்கித்தான் கொடுத்தார்கள். புகை பற்றிய முறைப்பாடும் நியாயமானதே. காபரேட்டர் கார் புதிய காரைவிட அழுக்காகத்தான் புகைவிடும். தீப்பொறி நேரத்தையும் காபரேட்டரையும் சரியாக வைத்தால் குறையும், இல்லாமல் போகாது. அன்றாடம் நெடுந்தூரம் ஓடுகிறவர் புதியதையே வாங்கட்டும்.

அந்தக் காசுக்கு லீசிங்கில் ஒரு சின்ன ஜப்பான் கார் எடுக்கலாமே என்பது கடைசிக் கேள்வி. எடுக்கலாம். ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும் இருக்கிற வாகனத்தைத் திருத்தியே ஓடவேண்டியிருந்தது. அப்போது நாடு நம்பியிருந்ததும் இதே கராஜ்காரரைத்தான். மண்ணெண்ணெய்க் காலத்தில் வேலை பழகியவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது. பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுக்கிற பொடியன் இல்லாத கராஜ், அவரோடு பூட்டப்படும்.

அதனால் வெளிநாட்டிலிருந்து பழைய கார் வாங்க நினைக்கும் உறவுகளே, வாங்கிக் கொடுக்கும் ஊர்க்காரரே, பெயின்றுக்கு ஒதுக்கிய காசில் பாதியை எடுத்து, அந்தக் காரைத் திருத்துகிறவரிடம் வேலை பழகும் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடச் சம்பளமாகக் கொடுங்கள். கார் கொஞ்சம் மங்கலாகவே ஓடட்டும்.

இங்கிலாந்திலிருந்து,
உங்கள் ஊரவன்