வடிப்பது வீண்வேலை அல்ல

முற்றிய புற்றுநோயில் இதயத்தைச் சுற்றி நீர் கோத்தால் எடுத்துப் பயனில்லை, மறுபடி சேரும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஏற்கவே முடியாது. வேகமாகச் சேர்ந்தால் 200 மில்லி நீரே இதயத்தை விரியவிடாமல் நெருக்கி உயிரைப் பறிக்கும். எக்கோ ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் வடித்தால், மூச்சுக்குத் தவித்தவர் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே ஆசுவாசமடைகிறார். ஊசியோடு நிறுத்தினால் பலருக்கு மறுபடி சேரும்தான்; அதனால்தான் மெல்லிய குழாயைச் சில நாள் விட்டுவைக்கிறார்கள், தேவையானால் இதய உறையில் சிறு திறப்பு வைக்கிறார்கள். அந்த நீர் எப்போதும் புற்றுநோயால்தான் வரும் என்பதுமில்லை. கதிர்வீச்சு, மருந்து, ஏன், காசநோய்கூடக் காரணமாகலாம். சோதிக்காமலே கைவிடச் சொல்ல எப்படி மனம் வந்தது? வேண்டாமென்று நோயாளியே சொன்னால் கேட்க வேண்டியதுதான். அவரைக் கேட்காமல் வீட்டாரிடம் 'வீண்' என்று ஓதுவதைத்தான் எதிர்க்கிறேன்.