தெவாகேயிடம் பாடம் கேட்ட மருத்துவர்

டேவிட் லூயிஸ் என்றதும் பாய்மரப் படகோட்டிகள் 'ஐஸ் பேர்ட்' கதையைத்தான் சொல்வார்கள். 1972 அக்டோபரில், 10 மீட்டர்கூட இல்லாத அந்த எஃகுப் படகில், தன்னந்தனியாக சிட்னியிலிருந்து அண்டார்டிகாவுக்குக் கிளம்பினார். நவம்பர் இறுதியில் ஓர் அலை படகைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது, குளிரில் கைவிரல்கள் புண்ணாயின. டிசம்பரில் படகு மறுபடியும் கவிழ்ந்தது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு மரத்தை நட்டு, பாயைக் கட்டி, அடுத்த ஜனவரிக் கடைசியில் பால்மர் ஆய்வு நிலையத்தைத் தொட்டார். அப்போது அவருக்கு வயது 55. கைப்புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டதும் அவரேதான், ஏனென்றால் அவர் மருத்துவர்.

நெஞ்சை உறைய வைக்கும் கதை. ஆனாலும் லூயிஸின் வாழ்க்கையில் நான் மிகப் பெரிதாக நினைப்பது வேறொரு பகலின் 8 மணி நேரத்தை. அன்று அவர் எதையும் சாதிக்கவில்லை. ஒரு முதியவர் செய்வதைக் கவனித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

லூயிஸ் 1917இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் பிறந்தவர். வளர்ந்தது நியூசிலாந்திலும் குக் தீவுகளின் ரரோடோங்காவிலும். அங்கே பாலினீசியப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார்ந்து படித்தார். பின்னாளில் நடந்த அத்தனைக்கும் விதை அந்தப் பள்ளிதான் என்பது என் எண்ணம். மருத்துவம் படித்தார், இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் மருத்துவராக இருந்தார், போர் முடிந்ததும் கிழக்கு லண்டனின் உழைப்பாளர் பகுதியில் பொது மருத்துவராக அமர்ந்தார்.

1960 ஜூனில் அட்லாண்டிக்கைத் தனியாளாகக் கடக்கும் முதல் போட்டி பிளிமத்தில் தொடங்கியது. முடிவிடம் நியூயார்க். கலந்துகொண்டவர்கள் ஐந்தே பேர். கிளம்பிய சில மணி நேரத்தில் லூயிஸின் 'கார்டினல் வெர்ச்சூ' படகில் பாய்மரம் முறிந்தது. துறைமுகத்துக்குத் திரும்பி, மரத்தைச் சரிசெய்து, மற்றவர்கள் எங்கோ போய்விட்ட பிறகு மீண்டும் புறப்பட்டார். பிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் முதலாவது, பிளாண்டி ஹாஸ்லர் 48 நாளில் இரண்டாவது, லூயிஸ் ஏறக்குறைய 55 நாளில் மூன்றாவது. அந்தப் போட்டியையும் அவர் மருத்துவராகவே பார்த்தார். பயம், சோர்வு, தனிமை ஆகியவை ஒரு மனிதனை நாளுக்கு நாள் என்ன செய்கின்றன என்பதைத் தன்னிடமும் சக போட்டியாளர்களிடமும் பதிவுசெய்தார்.

அடுத்து எடுத்துக்கொண்ட கேள்வி இன்னும் பெரியது. பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான மைல் பரப்பில் சிதறிக்கிடக்கும் தீவுகளில் பாலினீசியர்கள் எப்படிக் குடியேறினார்கள்? கருவி இல்லாமல் நெடுந்தூரம் குறிவைத்துப் போய்த் திரும்புவது நடக்காத காரியம், காற்றும் நீரோட்டமும் அடித்துச் சென்ற இடத்தில் அவர்கள் ஒதுங்கினார்கள் என்று 1950களில் ஆண்ட்ரூ ஷார்ப் என்ற நியூசிலாந்து வரலாற்றாசிரியர் எழுதினார். படித்தவர்கள் பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

லூயிஸ் ஏட்டில் பதில் எழுதவில்லை. மருத்துவத் தொழிலை விட்டார். மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளோடு 'ரெஹு மோவானா' என்ற இரட்டை உடல் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார். 1965இல் டஹிட்டியிலிருந்து ரரோடோங்கா வழியாக நியூசிலாந்துக்குப் போனபோது திசைகாட்டி, கடிகாரம், கோணமானி எதையும் தொடாமல் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே வழி கண்டார். உடன் வந்த பிரிசில்லா கெய்ர்ன்ஸ் கருவிகளால் உண்மையான இடத்தைக் கணித்துக் குறித்துக்கொண்டே வந்தார், லூயிஸிடம் சொல்லவில்லை. புது மருந்து ஒன்றைச் சோதிக்கும்போது, எது மருந்து எது வெறும் மாவு என்று உட்கொள்பவருக்குத் தெரியாமல் வைப்போமே, அதே முறை. கடலுக்கு அந்த ஒழுங்கைக் கொண்டுபோனவர் ஒரு மருத்துவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் தானே செய்து காட்டியதோடு அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். இந்தக் கலையைத் தாத்தா, தந்தை வழியாகக் கற்றவர்கள் இன்னும் உயிரோடிருந்தார்கள். 1968 முதல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளராக அவர்களைத் தேடிப் போனார். திண்ணையில் உட்கார வைத்துப் பேட்டி எடுக்கவில்லை. தன் படகின் திசைகாட்டி, வரைபடங்களையெல்லாம் எடுத்து மறைத்துவிட்டு, “நீங்கள் நடத்துங்கள்” என்று படகையே ஒப்படைத்தார்.

சாலமன் தீவுகளின் ரீஃப் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த முதியவர் தெவாகே. வானம் முழுக்க மூடிக்கிடந்த ஒரு நாள். சூரியனும் இல்லை, கரையும் தெரியவில்லை. படகின் முன்தட்டில், தலைக்கு மேல் ஓலை ஒன்றைப் பிடித்தபடி 8 மணி நேரம் நின்றார். எங்கோ தொலைவில் பிறந்து வரும் ஒரு பேரலையை மட்டும் பிரித்தறிந்து, அது நேர் பின்னாலிருந்து படகைத் தூக்கும்படி வைத்துக்கொண்டு, 45 மைலுக்கும் மேல் வழி நடத்தினார். குறுக்கும் நெடுக்குமாக அலைகள் பின்னிக்கிடக்கும் கடலில் தனக்கு வேண்டிய ஒன்றை அவர் உடம்பே அடையாளம் கண்டது. சொன்ன இடத்தில் தீவு வந்தது.

மைக்ரோனீசியாவின் புலுவாட் தீவைச் சேர்ந்த ஹிப்போர், சுமார் 500 மைல் தள்ளியிருக்கும் சைபானுக்கு லூயிஸின் படகை அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தார். அந்த வழியில் அவர் அதற்குமுன் போனதில்லை. முன்னோர் வாய்வழியாக விட்டுச்சென்ற நட்சத்திரக் கணக்கு ஒன்றே துணை. இவையெல்லாம் 1972இல் லூயிஸின் புத்தகமாக வந்தன. நான்கு ஆண்டு கழித்து, சத்தவால் தீவின் மாவ் பியாய்லுக், 'ஹோகுலேயா' என்ற பாரம்பரியப் படகைக் கருவியின்றி ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேலான நாட்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தப் படகில் லூயிஸும் இருந்தார், குறிப்பெடுப்பவராக.

இதை எழுதும் நான் ஓய்வுபெற்ற அரசு மருத்துவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி ராமநாதபுரம் கடற்கரையில். கம்பரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சங்கு குளிக்க இறங்கும் ஒருவர் முழங்கால் வலியோடு வந்தார். “பத்துப் பாக ஆழத்துல ரெண்டாவது தடவ இறங்குற அன்னைக்குத்தான் முட்டி பிடிக்குது, டாக்டரம்மா. ஒரு தடவையோட ஏறிட்டா ஒண்ணுமில்ல” என்றார். ஆழம், நேரம், மறுமுறை இறங்குவது என்று ஆழத்திலிருந்து ஏறுபவர்களுக்கு வரும் அழுத்த நோய்க்கான பாடம் முழுவதும் அவர் வாயில் இருந்தது. எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான். எதிரே இருப்பவருக்குத் தன் உடம்பைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் தெரியும் என்று நம்பி, பேச விட்டு, பிறகு சரிபார்ப்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். லூயிஸ் தெவாகேயிடம் செய்தது வேறொன்றும் இல்லை.

நம் கரையிலும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பிரித்து, நீவாடு என்ற நீரோட்டத்தைக் கையால் தொட்டு, கோபுரத்தையும் குன்றையும் ஒரே கோட்டில் நிறுத்திக் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் முன்னால் பாய் விரித்துப் போன அந்தத் தலைமுறை முதுமையின் விளிம்பில் இருக்கிறது. தெவாகே, லூயிஸோடு போன சில காலத்திலேயே தன் மக்களிடம் விடைபெற்றுத் தனியே ஓடமேறிப் போனார், திரும்பவில்லை. லூயிஸ் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்த 8 மணி நேரம் எங்குமே பதிவாகியிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்கள் 'ஒரு மூத்த மீனவர்' என்று பெயரில்லாமல் போய்விடுகிறார்கள். லூயிஸின் பக்கங்களில் தெவாகேயும் ஹிப்போரும் பெயரோடு, ஊரோடு, ஆசான்களாக இருக்கிறார்கள். அதனால்தான் அரை நூற்றாண்டுக்குப் பின் ராமநாதபுரத்து மருத்துவர் ஒருத்தியால் அவர்களைப் பெயர் சொல்லி எழுத முடிகிறது.

நாகப்பட்டினத்தில் நமக்கு ஒரு மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பாய்மரக் காலத்து மீனவர்களை ஊர் ஊராகக் கண்டு, வருகைதரு ஆசிரியருக்குரிய ஊதியம் கொடுத்து, மாணவர்களை அவர்களோடு கடலுக்கு அனுப்பலாம். கருவிகள் ஒருவர் பொறுப்பில் மூடியிருக்கட்டும். வழியை முதியவர் சொல்லட்டும். இரண்டையும் கரைக்கு வந்து ஒப்பிட்டு, அவர் பெயரிலேயே அச்சிடட்டும். இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தொடங்கலாம்.