உல்லாசப் பூங்காவில் கைபேசியும் வரிசையும்



ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். மகன் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பணிபுரிகிறார். மனைவி, மூன்று பிள்ளைகள். பேரப் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து தாயாரும் வந்திருக்கிறார். அடுத்த வாரம் அனைவரும் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குச் செல்ல இருக்கிறார்கள். பொழுது இன்னும் விடியவில்லை. மணி 6 ஆகப் போகிறது. ஃபஜ்ர் தொழுத கையோடு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கைபேசியுடன் மூச்சைப் பிடித்துக் கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் மணி 7 ஆகும் அந்த நொடியில் முன்பதிவு திறக்கும். சற்றே தாமதித்தாலும் நல்ல நேரங்கள் பிறர் கைக்குப் போய்விடும்.

"ரயிலுக்கா வாப்பா டிக்கெட் எடுக்கிறாய்?" என்று தாயார் கேட்கிறார்.

"இல்லை உம்மா, பிள்ளைகள் ராட்டினம் ஏறுவதற்கு" என்கிறார் மகன்.

தாயார் மறுமொழி கூறவில்லை. ஆனால் அவருடைய வியப்பு நியாயமானது. ஓய்வுக்காகச் செல்லும் பயணம் எப்போது இப்படி ஒரு தேர்வாக மாறியது? இவ்வளவு தொழில்நுட்பமும் குடும்பத்திற்கு நேரத்தை மிச்சப்படுத்துகிறதா, இல்லை, இருக்கும் நேரத்தையும் விழுங்குகிறதா? வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள இல்லங்கள் நம்மிடையே ஏராளம். ஆகவே இத்திங்கள் இது பற்றிச் சிறிது சிந்திப்போம்.

காகிதச் சீட்டு முதல் கைபேசி வரை

வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. முதலில் மேஜிக் கிங்டம் என்னும் ஒரே பூங்கா மட்டும் இருந்தது. பின்னர் 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பூங்காக்கள் சேர்ந்தன. கூட்டம் பெருகப் பெருக, வரிசையே பெரும் மனக்குறையாயிற்று. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சவாரிக்கு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நிற்க வேண்டிய நிலை.

1999 இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறை வந்தது. சவாரியின் அருகே ஓர் இயந்திரம் இருக்கும். நுழைவுச் சீட்டை அதில் செருகினால், திரும்பி வர வேண்டிய ஒரு மணி நேர இடைவெளி அச்சிட்ட காகிதத் துண்டு கிடைக்கும். அதுவரை வேறிடம் சுற்றிவிட்டுக் குறித்த நேரத்தில் வந்தால் குறுகிய வரிசையில் செல்லலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

2013 இல் மேஜிக்பேண்ட் என்னும் கைப்பட்டை வந்தது. ரேடியோ அலை மூலம் இயங்கும் சில்லு பதித்த அந்தப் பட்டையே விடுதி அறையின் சாவி, அதுவே நுழைவுச் சீட்டு, அதுவே பணப்பை. இத்திட்டம் முழுமைக்கும் ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவானதாகச் செய்தி ஏடுகள் எழுதின. இதனுடன் வந்த புதிய முறையில், டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும், ஏனையோர் 30 நாட்களுக்கு முன்பும் நாளொன்றுக்கு மூன்று சவாரிகளை நேரம் குறித்துப் பதிந்து கொள்ளலாம். அப்போதும் தனிக் கட்டணம் இல்லை. ஆயினும், பிள்ளை எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்தச் சவாரி ஏறுவான் என்பதைப் பெற்றோர் இரண்டு மாதங்களுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

2020 இல் நோய்த்தொற்றின் காரணமாகப் பூங்காக்கள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது ஃபாஸ்ட்பாஸ் திரும்பி வரவில்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற கட்டண முறை அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 டாலர். ஓராண்டிற்குப் பின் கூட்டத்திற்கேற்ப ஏறி இறங்கும் விலையாயிற்று. 2024 ஜூலையில் அதற்கு லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர் மாற்றினார்கள். இப்புதிய ஏற்பாட்டில் டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்கு 7 நாட்களுக்கு முன்பும், மற்றவர்க்கு 3 நாட்களுக்கு முன்பும் பதிவு திறக்கும். நாம் கண்ட குடும்பம் விடியுமுன் விழித்திருந்தது இதற்காகத்தான். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், நேரம் குறிக்காமல் விரும்பிய பொழுதில் விரைவு வரிசையில் நுழையும் சீட்டும் வந்தது. அறிமுகத்தின்போது அதன் விலை, நாளுக்கும் பூங்காவிற்கும் ஏற்ப ஒருவருக்கு 129 டாலர் முதல் 449 டாலர் வரை. நுழைவுக் கட்டணம் தனி.

கட்டணமின்றிக் கிடைத்தது 25 ஆண்டுகளில் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்!

வரிசை குறைந்ததா?

"பணம் போனாலும் காத்திருப்புக் குறைகிறதே" என்று நீங்கள் கூறலாம். சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961 இல் கணித முறைப்படி நிறுவிய விதி ஒன்று உண்டு. வரிசையில் நிற்போர் தொகை, வந்து சேரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அதன் சாரம்.

எடுத்துக்காட்டாக, ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றும் என்று கொள்வோம். உங்களுக்கு முன்னால் 600 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். இப்போது அந்த 1,200 இடங்களில் 900 இடங்களை விரைவு வரிசைக்கு ஒதுக்கினால், பொது வரிசைக்கு மிஞ்சுவது மணிக்கு 300 இடங்களே. அதே 600 பேருக்குப் பின்னால் நிற்கும் நீங்கள் இரண்டு மணி நேரம் காத்திருப்பீர்கள். சவாரியின் வேகம் ஒரு நொடியும் கூடவில்லை. ஒருவர் தவிர்த்த காத்திருப்பு மற்றொருவர் தலையில் ஏறியது. அவ்வளவே!

தொழில்நுட்பம் உண்மையாகவே காத்திருப்பைக் குறைத்த இடமும் உண்டு. மேஜிக் கிங்டத்தின் சிண்ட்ரெல்லா கோட்டைக்கு அடியில் ஒரு கண்காணிப்பு அறை இயங்குவதாக 2010 இல் அமெரிக்க நாளேடொன்று எழுதிற்று. திரைகளில் வரிசைகளைப் பார்த்தவாறே, படகுச் சவாரியில் கூட்டம் திரண்டால் கூடுதல் படகுகளை விடச் சொல்வார்கள். நிற்பவர்கள் சலித்தால் வேடமணிந்த கலைஞர்களை அங்கே அனுப்புவார்கள். கூடுதல் படகு விடும்போது எல்லோருடைய காத்திருப்பும் குறைகிறது. முன்னுரிமைச் சீட்டை விற்கும்போது வாங்கியவருடையது மட்டுமே குறைகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லலாம். வரிசை என்பது செல்வரும் எளியவரும் வந்த ஒழுங்கில் நிற்கும் இடம் என்ற பாடம், வாங்கிக் கொடுக்கும் எந்தப் பொம்மையைக் காட்டிலும் மதிப்புடையது.

இதனால் அச்சீட்டை வாங்குவது தவறு என்று நாம் கூறவில்லை. முதிய தாயாரும் கைக்குழந்தையும் உடன் வரும் ஒரு நாளில் அது பெரும் உதவியாக அமையலாம். எதற்காக வாங்குகிறோம் என்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

யாருடைய நாள் இது?

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பூங்காவில் நுழைந்த பின்னும் கைபேசி ஓய்வதில்லை. ஒரு சவாரி முடிந்ததும் அடுத்ததற்குப் பதிய வேண்டும். காத்திருப்பு நேரங்களைப் பார்க்க வேண்டும். உணவுக்கும் அதிலேயே சொல்லி வைக்க வேண்டும். பிள்ளை, "வாப்பா, அதோ பாருங்கள்!" என்று கையைப் பற்றி இழுக்கிறது. வாப்பாவோ, "ஒரு நிமிடம்" என்கிறார். அந்த ஒரு நிமிடம் நாள் முழுவதும் தீருவதில்லை. மாலையில் கணக்குப் பார்த்தால் ஒன்பது சவாரிகள் முடிந்திருக்கும். ஆனால் பிள்ளையின் முகம் முதன்முதலில் மலர்ந்த கணத்தை வாப்பா பார்த்திருக்க மாட்டார்.

கருவி குற்றவாளி அன்று. திட்டத்தைக் கருவியிடம் விட்டதே குற்றம். கருவி எதை நோக்கித் திட்டமிடுகிறது? எத்தனை சவாரி என்பதை நோக்கி. குடும்பம் எதை நோக்கித் திட்டமிட வேண்டும்? எல்லோரும் மகிழ்ந்து, சோர்ந்து விழாமல் திரும்புவதை நோக்கி அல்லவா?

செல்வோர் கவனத்திற்கு

முதலாவதாக, வீட்டிலிருந்து புறப்படும் முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்து கொள்ளுங்கள். ஸ்பேஸ் மவுண்டன் சவாரிக்கு 44 அங்குலம், ஸ்லிங்கி டாக் டேஷ் சவாரிக்கு 38 அங்குலம் என வரம்பு வைத்திருக்கிறார்கள். நெடுநேரம் காத்து நின்று வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் கண்ணீர் தவிர்க்கக் கூடியது.

இரண்டாவதாக, பதிவு செய்யும் முன் குடும்பத்தார் அனைவரையும் அமர வைத்து, ஆளுக்கொரு விருப்பம் கேளுங்கள். தாயாரிடமும் கேளுங்கள், "எனக்கென்ன, பிள்ளைகள் பார்த்தால் போதும்" என்றே அவர் கூறுவார். விட்டுவிடாதீர்கள். அமர்ந்து செல்லும் படகும் ரயிலும் அவருக்கு ஏற்றவை. இந்த விருப்பங்களே நாளின் திட்டம். பிறவெல்லாம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

மூன்றாவதாக, நடுப்பகலை விட்டுவிடுங்கள். கோடையில் அவ்வூரின் வெயிலும் புழுக்கமும் கடுமை. பிற்பகல்களில் இடியுடன் மழையும் அடிக்கடி உண்டு. கூட்டம் மிகுவதும் அப்போதுதான். ஜூன் மாதத்தில் அங்கே லுஹர் நேரம் தொடங்குவது ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு. சூரியன் மறைவதோ இரவு 8 மணிக்கு மேல். பூங்கா திறக்கும்போது நுழைந்து, லுஹருக்கு விடுதிக்குத் திரும்பித் தொழுது, உண்டு, உறங்கி, அஸருக்குப் பின் மீண்டும் செல்லும் குடும்பத்திற்குப் பகல் இரண்டாகக் கிடைக்கிறது. அன்றைக்கே அதே சீட்டில் திரும்ப நுழைய அனுமதி உண்டு. தொழுகை நேரங்களை முதலில் எழுதி, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமைத்தால் திட்டம் தானே சீராகும்.

நான்காவதாக, உணவு. வீட்டில் சமைத்த உணவையும் தின்பண்டங்களையும் உள்ளே கொண்டு செல்ல அங்கே தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் ஆகாது. ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டாத எளிய வழி இது. விரைவு உணவுக் கூடங்களில் குளிர்ந்த குடிநீரும் இலவசமாகத் தருவார்கள்.

ஐந்தாவதாக, கைக்குழந்தை உள்ளோர் ரைடர் சுவிட்ச் என்ற ஏற்பாட்டைக் கேட்டறியுங்கள். பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் வெளியே இருக்க, மற்றவர் சவாரி முடித்து வருவார்; பின்னர் இவர் முழு வரிசையில் நிற்காமல் உள்ளே செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நுழைவுச் சீட்டும் தேவையில்லை.

இறுதியாக, கைபேசி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். காலையில் கணவர், மாலையில் மனைவி என மாற்றிக் கொள்ளலாம். மற்றவருடைய கைபேசி பைக்குள்ளேயே கிடக்கட்டும். ஒருவருடைய கண்களாவது எப்போதும் பிள்ளைகள் மீது இருக்கும். விதிகளும் விலைகளும் அடிக்கடி மாறுபவை. ஆதலால் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

காத்திருப்பும் பயணமே

வரிசையில் நிற்கும் நேரம் வீணான நேரம் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அதனால்தான் அதை விலைக்கு விற்க முடிகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள்! வேலை, பள்ளி, வீட்டுப்பாடம் என்று ஆண்டு முழுதும் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பம், வேறு எங்கும் ஓட முடியாமல் ஒரே இடத்தில் தோளோடு தோள் நிற்பது எத்தனை நாட்களில் வாய்க்கிறது? அந்த நாற்பது நிமிடங்களில் அந்தத் தாயார், தம் சிறு வயதில் கந்தூரிக் கடைத்தெருவில் கையால் சுற்றிய மர ராட்டினத்தைப் பற்றிப் பேரனுக்குச் சொல்லலாம். அவன், "வாப்பும்மா, அதற்கும் வரிசை இருந்ததா?" என்று கேட்கலாம்.

ஊர் திரும்பிய பின் அவன் நினைவில் நிற்பது சவாரியா, அந்தப் பேச்சா என்பதை யார் அறிவார்? திட்டமிடுங்கள், கருவியையும் பயன்படுத்துங்கள். ஆனால் பேச்சுக்கும் சிரிப்புக்கும் உரிய நேரத்தை எந்தச் செயலியிலும் முன்பதிவு செய்ய முடியாது. அதை நீங்களேதாம் ஒதுக்கித் தர வேண்டும்.